பதினேழாம் எண் வீட்டின் சாயங்காலம்

நஞ்சப்பா காலனி மூன்றாம் வீதியில் இருபத்திரண்டு வீடுகள். தினமும் ஐந்தரை மணிக்கு இருபத்தொரு வீடுகளுக்குச் சாயங்காலம் வரும். பதினேழாம் எண்ணுக்கு வராது. அங்கே ஐந்தரை வரை மத்தியானம், அடுத்த நொடி மணி ஏழு, ராத்திரி. நடுவில் ஒன்றரை மணி நேரம் கிடையாது. குழந்தைவேலும் கோகிலவாணியும் கல்யாணம் முடிந்து அங்கே குடிவந்து எட்டு மாதம் ஆகிறது. ஒரு நாள்கூட வந்ததில்லை.

இதனால் பெரிய தொந்தரவு ஒன்றும் இல்லை. ஐந்து இருபத்தொன்பதுக்கு அடுப்பில் ஏற்றிய குக்கர் முதல் விசிலை மத்தியானத்தில் அடிக்கும், அடுத்ததை ராத்திரியில் அடிக்கும். பருப்பு எப்போதும்போல வெந்துவிடும். குழந்தைவேல் தாலுகா அலுவலகத்தில் நில அளவையர். வேலை முடிந்து ஆறு மணிக்கு வாசலில் ஒரு காலை வைக்கும்போது வீதியில் மஞ்சள் வெயில் இருக்கும். மறுகாலை உள்ளே வைத்ததும் மணி ஏழாகிவிடும். அவன் டார்ச்சைப் பையிலேயே வைத்திருந்தான்.

கோகிலாவுக்கு மட்டும் ஒரு குறை இருந்தது. அது சின்னக் குறை இல்லை. பெண் பார்க்க வந்த அன்று இரண்டு பேரையும் தனியாகப் பேசச் சொல்லி, வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஐந்து நிமிடம் விட்டார்கள். அதில் நான்கு நிமிடம் குழந்தைவேல் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்தாவது நிமிடத்தில், "உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லோணுமுங்க. இப்ப வேண்டாம். கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு சாயங்காலமா நிதானமாச் சொல்றேன்" என்றான்.

கோகிலா ரயில் நிலையத்தில் முன்பதிவு கவுண்டரில் உட்காருகிறவள். காலை ஷிஃப்ட். ஒரு கேள்வி கேட்டால் ஒரு பதில் வாங்கி, அடுத்து என்று சொல்லிப் பழகியவள். அவளைப்போய் எட்டு மாதம் காத்திருப்போர் பட்டியலில் வைத்தால் எப்படி இருக்கும்? அவளும் என்னென்னவோ நினைத்துப் பார்த்துவிட்டாள். வேறொரு பெண்ணாக இருக்குமோ. சிறுநீரகம் ஒன்றுதானோ. ராத்திரியில் கேட்டால், "அது ராத்திரி பேசற விஷயம் இல்ல கோகிலா" என்பான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் கேட்டால், "மத்தியானத்துல போய் அதையச் சொல்றதா?" என்பான். எல்லைக் கல்லைத் தாண்டாத ஆள்.

பூங்காவுக்குப் போயும் பார்த்தார்கள். பூங்காவின் சாயங்காலம் நடைப்பயிற்சிக்காரர்களுக்கு உரியது. அதில் நடக்க மட்டும்தான் முடியும். எட்டுச் சுற்று நடந்து, குழந்தைவேல் வாயைத் திறந்தபோது சர்க்கரை அளவைப் பற்றிய பேச்சுதான் வந்தது. அவனுக்குச் சர்க்கரையே கிடையாது. வீட்டுப் பேச்சுக்கு வீட்டுச் சாயங்காலம்தான் வேண்டும் என்று தெரிந்துகொண்டு திரும்பினார்கள்.

இந்த நிலைமையில் எதிர்வீட்டு மல்லீஸ்வரி அக்கா ஒரு வெள்ளிக்கிழமை மூடிபோட்ட தூக்குப்போசிப் பாத்திரம் ஒன்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"எங்கூட்டுச் சாயங்காலம் நேத்து கொஞ்சம் மீந்துபோச்சு கண்ணு. கெட்டுப்போகல, மோந்து பாத்துட்டுத்தான் கொண்டாந்தேன். ரெண்டு பேரும் வெச்சுக்கங்க."

அன்று அரசு விடுமுறை, குழந்தைவேல் வீட்டில் இருந்தான். ஐந்தரைக்கு முன்னால் மூடியைத் திறந்தார்கள். ஹாலில் முழங்கால் உயரத்துக்குச் சாயங்காலம் பரவியது. குழந்தைவேல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "கோகிலா, நான் சொல்ல வந்தது என்னன்னா, பேரனுக்குக் கீழ்ப்பல்லு ரெண்டு முளைச்சிருக்குது. சாமியாட்டச் சிரிக்கிறான்" என்றான். அடுத்தவர் வீட்டுச் சாயங்காலத்தில் அடுத்தவர் வீட்டுப் பேச்சுதான் வரும். பேரனுக்கு மாந்தம் இருக்கிறது என்பது வரை பேசிவிட்டு அவனே வாயைப் பொத்திக்கொண்டான். ஏழு நிமிடத்தில் அது தீர்ந்துபோனது.

பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எந்த வீட்டிலும் இல்லை. கொடுக்க வேறென்ன இருக்கிறது, பதினேழாம் எண்ணில் மிச்சமாக இருந்தது மத்தியானம்தான். மறுநாள் சனிக்கிழமை, இரண்டு பேருக்குமே விடுமுறை. பன்னிரண்டு மணிக்குத் தூக்குப்போசி நிறைய நல்ல மத்தியானமாகப் பார்த்து அள்ளிக் கொடுத்தாள் கோகிலா. மல்லீஸ்வரி அக்கா அதில் மூன்று தட்டு வத்தல் காயவைத்தாள். வத்தல் கண்ணாடிபோல மொறுமொறுவென்று வந்த சந்தோஷத்தில் ஒரு மணிக்கே வீட்டுக்கு வந்து, முதல்முறையாக அவர்கள் ஹாலுக்குள் நுழைந்தாள். நுழைந்தவள் கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டாள்.

ஹாலில் இரண்டு டியூப்லைட்டுகள், பகலிலும் எரிந்துகொண்டிருந்தன. கல்யாணத்துக்கு அலுவலக நண்பர்கள் கொடுத்தவை. டியூப்பின் மேலேயே 'அன்பளிப்பு: நில அளவைப் பிரிவு ஊழியர்கள்' என்று சிவப்புப் பெயின்டில் எழுதியிருந்தது. எழுத்தின் நிழல் எதிர்ச் சுவரில் விழும். அதே கல்யாணத்தில் வந்த ஏழு சுவர்க் கடிகாரங்கள், யார் மனமும் நோகக் கூடாதென்று ஏழும் மாட்டப்பட்டிருந்தன. கடையில் போட்ட பிளாஸ்டிக் உறையோடு ஒரு சோபா. உட்கார்ந்தால் அது கத்தும்.

"இங்க உக்காந்தா ஆபரேசன் பண்ணிருவாங்களோன்னு பயமா இருக்குது கண்ணு" என்றாள் அக்கா.

"சாயங்காலம் ஏன்க்கா எங்களுக்கு மட்டும் வர மாட்டேங்குது?"

"வராம என்ன? தினமும் உங்க கேட்டுவரைக்கும் வருது. நான்தான் பாக்கறனே. ஜன்னல்ல எட்டிப் பாக்கும், அந்தக் கடிகாரம் அத்தனையும் பாத்துட்டுத் திரும்பிப் போயிரும். கூச்ச சுபாவம் அதுக்கு."

கோகிலா அங்கேயே முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். ஐந்தரைக்கு இன்னும் நேரம் இருந்தது.

டியூப்லைட்டைக் கழற்ற வேண்டும் என்றதும் குழந்தைவேலின் முகம் சுருங்கியது. "பேரு போட்டிருக்குது கோகிலா" என்றான். பெயர் போட்டதைக் கழற்றினால் பெயரில் உள்ளவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று அவனுக்குப் பயம். கடைசியில் ஒன்றைச் சமையலறைக்கும் ஒன்றைச் சமையலறைக்குப் போகும் நடைக்கும் மாற்றுவதென்று முடிவானது. கடிகாரங்களை இறக்கி, வேட்டியில் சுற்றிப் பீரோவுக்குள் வைத்தார்கள். உள்ளே அவை கொஞ்ச நேரம் முணுமுணுத்தன. சோபா உறையைக் குழந்தைவேலே கத்தரித்தான், நிலத்தை உட்பிரிவு பிரிப்பது மாதிரி கோடு போட்டு. உறை கழன்றதும் சோபா பெருமூச்சு விட்டு நான்கு அங்குலம் தணிந்தது. பாவம், வாங்கிய நாளிலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

முனையிலிருந்த எலெக்ட்ரிக் கடைக்குக் கோகிலா போனாள்.

"எத்தனை வாட்டுங்க?" என்று கடைக்காரர் கேட்டார்.

"எதிர்ல உக்காந்திருக்கிறவரு முகம் தெரியோணும். முகத்துல இருக்கிற பரு தெரியக் கூடாது."

"சொல்லிக்கிற மாதிரியான வெளிச்சமா, கேட்டுக்கிற மாதிரியானதா?"

"ரெண்டும்."

கடைக்காரர் மறுபேச்சில்லாமல் ஏழு வாட் மஞ்சள் பல்பு ஒன்றை எடுத்து, தட்டிப் பார்த்துக் கொடுத்தார்.

மூங்கில் கூடை ஒன்றைக் கவிழ்த்து அதற்குள் பல்பைத் தொங்கவிட்டாள். சுவரெங்கும் சின்னச் சின்னக் கட்டங்களாக வெளிச்சம் விழுந்தது. விளக்கை எங்கே வைப்பது என்பதில் குழந்தைவேல் விட்டுக்கொடுக்கவில்லை. டேப் பிடித்து அளந்தான். வரைபடம் போட்டான். சோபாவின் இரண்டு முனைக்கும் வெளிச்சம் எட்ட வேண்டும், பீரோவுக்கு எட்டக் கூடாது. மூலையிலிருந்து மூன்றரை அடி என்று கணக்கு வந்தது. அந்த இடத்தில் நான்கு மூலைக்கும் நான்கு பட்டாணியை எல்லைக் கல்லாக வைத்துவிட்டு நிமிர்ந்தான். கோகிலா தரையில் பவானி ஜமக்காளத்தை விரித்து, சுவரோரம் திண்டு ஒன்றைப் போட்டாள். அது சாயங்காலத்துக்கு.

ஐந்து இருபத்தைந்துக்கு இரண்டு பேரும் சோபாவில் உட்கார்ந்தார்கள். ஹால் பார்க்க அழகாக இருந்தது. ஐந்தரைக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கேட் கிறீச்சிட்டது. வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. கதவோரம் கொஞ்சம் பொன்னிறம் எட்டிப் பார்த்தது.

குழந்தைவேலை நல்லபடியாக வளர்த்திருந்தார்கள். வீட்டுக்கு யாராவது வந்தால் எழுந்து நிற்க வேண்டும், எல்லா விளக்கையும் போட வேண்டும், வாய் நிறைய வரவேற்க வேண்டும். அவன் துள்ளி எழுந்தான். ஓடிப்போய் நடையில் இருந்த டியூப்லைட்டைப் போட்டான், ஃபேனை ஐந்தில் வைத்தான்.

"வாங்க, வாங்க! உக்காருங்க. ஊர்ல எல்லாரும் சௌக்கியமுங்களா? காபி சாப்பிடறீங்களா, டீ சாப்பிடறீங்களா? சாப்பிட்டுத்தான் போகோணும்."

செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் சாயங்காலம் ஓடிவிட்டது. மணி ஏழு. ராத்திரி.

கோகிலாவுக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் வந்தது. இரண்டில் எதை முதலில் செய்வது என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்தே செய்தாள். குழந்தைவேல் ஃபேனை அணைத்துவிட்டு, "வந்தவங்கள வாங்கன்னு சொல்லாம எப்புடி இருக்கறது?" என்றான் மெதுவாக. அன்று ராத்திரி பேச வேண்டியதை மட்டும் பேசினார்கள். மோட்டாரை நிறுத்தியாச்சா, கதவைத் தாழ் போட்டாச்சா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்ததும் கோகிலா சொன்னாள். "விருந்தாளி இல்லீங்க அது. நம்ம வீட்டு மனுசங்க மாதிரி. உங்க தம்பி வந்தா எந்திரிச்சு நிப்பீங்களா?"

"காலைக்கூட மடக்க மாட்டேன்."

"அப்படியே இருங்க."

ஐந்து இருபதுக்கே காபியைக் கலந்து ஃபிளாஸ்கில் ஊற்றிவிட்டாள். மூன்று டம்ளர்களை வைத்தாள். கூடை விளக்கைப் போட்டாள். குழந்தைவேல் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, தம்பி வருவதாகவே நினைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கேட் கிறீச்சிட்டது. அவன் உதடு 'வா'வுக்குக் குவிந்தது. சோபாக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு அதை விழுங்கினான். கோகிலா திரும்பாமலே, "கதவு திறந்துதான் இருக்குது" என்றாள்.

சாயங்காலம் உள்ளே வந்தது. ஜமக்காளத்தில் உட்கார்ந்து திண்டில் சாய்ந்துகொண்டது. திண்டு ஒரு பக்கம் அமுங்கியது. மூங்கில் கூடையிலிருந்து விழுந்த கட்டங்கள் சுவரில் கொஞ்சம் இளகின. மணி ஐந்தரை ஆனது. பிறகு ஐந்து முப்பத்தொன்று ஆனது. சுவரை அவள் எட்டு மாதமாக வெள்ளை என்றே நினைத்திருந்தாள். அது மோர் நிறம். குழந்தைவேலின் வலது காதுக்குப் பக்கத்தில் ஒரு மச்சம் இருந்தது. அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மூன்றாவது டம்ளரில் காபி பாதியாகக் குறைந்தபோது குழந்தைவேல் பேசினான்.

"கோகிலா, பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு நான் ஒரு சட்டை போட்டிருந்தேன்."

"ஊதாக் கட்டம் போட்டது."

"அது என்னோடது இல்ல. எங்கண்ணனோடது. என்கிட்ட நல்ல சட்டை இல்லைன்னு அம்மா போட்டுவிட்டுட்டாங்க. நீ அந்தச் சட்டையப் பாத்து ஆளு இம்புட்டுன்னு நெனச்சிருப்ப. அளவு தப்பாக் காட்டிட்டனேன்னு அன்னியிலருந்து மனசு கெடந்து அடிச்சுக்குது."

சாயங்காலம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டது. நாகரிகம் தெரிந்தது.

"தெரியுமுங்க" என்றாள் கோகிலா. "அன்னிக்குக் காபி டம்ளரை எடுக்கும்போது சட்டைக் கை விரலை மூடிக்கிச்சு. நாலு தரம் மடிச்சுவிட்டீங்க. அஞ்சாவது தரம் மடிக்க முடியாம, டம்ளரை ரெண்டு கையிலயும் குழந்தை மாதிரி புடிச்சுக் குடிச்சீங்க. அதையப் பாத்துட்டுத்தான் உள்ள போயி எங்கம்மாகிட்டச் சரின்னு சொன்னேன்."

குழந்தைவேல் தன் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்து, மிச்சக் காபியை மெதுவாகக் குடித்தான். அதற்கும் நேரம் இருந்தது. மணி ஆறேகால்தான்.

"சட்டையத் திருப்பிக் குடுத்துட்டீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"பீரோவுல இருக்குது. குடுக்க மனசு வரல."

இரண்டு பேரும் சிரித்தார்கள். திண்டும் லேசாகக் குலுங்கியது. அப்போது மறுபடி கேட் கிறீச்சிட்டது. மறுபடி கிறீச்சிட்டது. பிறகு மூடவே இல்லை. கோகிலா எழுந்துபோய் வாசலில் நின்றாள். எட்டு மாதமாக ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிய சாயங்காலங்கள் எல்லாம், ஆளுக்கொரு சின்னப் பையோடு, கேட்டிலிருந்து எலெக்ட்ரிக் கடை தாண்டி வீதி முனைவரை நின்றுகொண்டிருந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது கல்யாணத்தன்று வந்தது. அதன் தோளில் இன்னும் அட்சதை ஒட்டியிருந்தது.

"ஏனுங்க, உங்களுக்குச் சொல்றதுக்கு இன்னும் ஏதாச்சும் இருக்குதுங்களா?"

குழந்தைவேல் அவள் பக்கத்தில் வந்து நின்றான். ஒரு கண்ணை மூடி, வரிசையை முனைவரை பார்வையாலேயே அளந்தான்.

"சரியா இருக்கும்னு நெனக்கறேன்" என்றான்.

கோகிலா ஸ்டூலை எடுத்து வாசலில் போட்டு உட்கார்ந்தாள்.

"அடுத்து" என்றாள்.