ஐந்து நூல் துளை

ஊஞ்சல் பலகையின் நான்கு மூலைகளிலும் சங்கிலிக் கம்பி நுழைய ஐந்து நூல் துளைகள் வேண்டும்; ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. பஞ்சாபகேசனின் மகளுக்கு நாளை மறுநாள் மாட்டுங்காவில் கல்யாணம். பாலக்காட்டிலிருந்து ரயிலில் வந்த ஒற்றைத் தேக்குப் பலகை அது. அதில் மயிரிழை விரிசல் கண்டாலும் மணமக்களை உட்கார வைக்கச் சம்பந்தி வீட்டார் சம்மதிக்க மாட்டார்கள். வேறு பலகை தேட நேரமும் இல்லை.

தாராவியில் மன்சூர் அலியின் மரப்பட்டறைக்குப் பலகையைக் கைவண்டியில் ஏற்றி வந்த பஞ்சாபகேசன், காட்கோபரில் வாங்கிய புதுப் பர்மாவையும் கையோடு கொண்டுவந்தார். மரத்தைக் கையால் துளைக்கும் அந்த முறுக்குக் கம்பி வெள்ளிபோல் மின்னியது.

"கம்பியும் அஞ்சு நூல், இதுவும் அஞ்சு நூல். நானே ஸ்கேல் வெச்சுப் பாத்தேன் பாய்."

"அளவு சரிதான் சார். மூக்கைப் பாத்தீங்களா?" நுனியிலிருந்த சிறு திருகை மன்சூர் அலி நகத்தால் நெருடினார். "மரை எவ்வளவு அகலம். இது சரக்குப் பெட்டி அடிக்கவங்களுக்குள்ளது. தேக்குல விட்டா வெறி புடிச்சு இழுக்கும், ஓரம் பொளந்துரும்."

"எல்லா மரத்துக்கும் ஆகும்னு கடைக்காரன் சொன்னானே."

"அவன் மகளுக்கா கல்யாணம்?"

பலகையிலிருந்து முன்பே அறுத்தெடுத்த துண்டு ஒன்று கிடந்தது. மன்சூர் அலி புதுப் பர்மாவை வளைபிடியில் பூட்டி அதன் ஓரத்தில் சுழற்றினார். ஆறாவது சுற்றில் துண்டு பிளந்தது.

மன்சூர் அலி தம் எண்ணெய்த் துணியை விரித்தார். நெருக்கமான மரை கொண்ட பழைய பர்மாக்கள் அதில் வரிசையாக இருந்தன. நான்கு நூல் இருந்தது, ஆறும் இருந்தது, ஐந்து மட்டும் இல்லை. நான்கில் கம்பி நுழையாது. ஆறில் லொடலொடக்கும். சற்று யோசித்தவர், புதுப் பர்மாவையே இடுக்கியில் இறுக்கி, அதன் மரையை அரத்தால் ராவத் தொடங்கினார்.

"பாய், அது புத்தம் புதுசு."

"மூக்குத்தான போவுது, வெட்டுற பல்லு இருக்குல்லா. ஆனா இனி தானா உள்ள எறங்காது சார். மேல ஆள் அழுத்தணும். நீங்க நல்ல கனம்."

"இளைக்கணும்னு ஆத்துக்காரி ஷ்யாமளா தினம் சொல்லிண்டிருக்கா."

"நாலு தொளை முடியட்டும். பொறவு இளைங்க."

துண்டின் மறுமுனையில் சோதித்தார்கள்; பிளவு இல்லை. பிறகு பலகை. பஞ்சாபகேசன் பிடியின் மரக்குமிழ்மேல் மார்பைச் சாய்த்து அழுத்த, மன்சூர் அலி நிதானமாகச் சுழற்றினார். அடியில் நுனி எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, பலகையைப் புரட்டி, மறுபுறமிருந்து துளையை முடித்தார். அவ்வாறே நான்கு முறை.

இறுதியில் ஒவ்வொரு துளையைச் சுற்றியும் ஈரத்துணியால் துடைத்தார். விரிசல் இருந்தால் அங்கே மட்டும் ஈரம் கோடாக நிற்கும். இருவரும் குனிந்து காத்திருந்தனர். பலகை ஒரே சீராக உலர்ந்தது. கம்பி வழுக்கிக்கொண்டு இறங்கி, ஆடாமல் நின்றது.

பஞ்சாபகேசன் நிமிர்ந்தார். சட்டையின் நடுப் பொத்தான் இரண்டாக உடைந்து தரையில் உதிர்ந்தது.

"நாலு தொளை போட்டதுல விரிசல் விட்டது அது ஒண்ணுதான் சார்," என்றார் மன்சூர் அலி.