ஏழாம் பெட்டியின் தலைப்பக்கம்

சுகந்தினிக்கு நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை. கதிரையில் இருந்தால் எழும்பச் சொல்லியது மனம், எழும்பினால் இருக்கச் சொல்லியது.

விஷயம் இதுதான். பூநகரியில் ஒரு துளை, உருத்திரபுரத்தில் ஒரு துளை. இரண்டிலும் சுண்ணக்கல்லை உருளை உருளையாக எடுத்துப் பெட்டிகளில் ஆழ வரிசைப்படி அடுக்கியிருந்தார்கள். இரண்டு ஊர்ப் பாறைப் படைகளும் ஒரே காலத்தவையா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அதற்குச் சாட்சி இரண்டு. ஒன்று கல்லுக்குள் கிடக்கும் சிப்பிச் சுவடுகள், மற்றது காபன். கடலில் பாரமான காபனும் இலேசான காபனும் கலந்திருக்கும் அளவு காலத்துக்குக் காலம் மாறும். அது கல்லிலும் பதியும். பூநகரியில் சிப்பிப் படைக்குக் கீழே பாரமான காபன் சட்டென்று குறைந்தது. உருத்திரபுரத்தில் அதே சிப்பிக்கு மேலே குறைந்தது. கடல் என்ன ஊருக்கொரு நியாயமா பேசும்?

திங்கட்கிழமை உருத்திரபுரத்து ஏழாம் பெட்டிச் சிப்பிகளை லென்சில் பார்த்தாள். புதைந்த சிப்பிக்குள் சேறு அடியில் தங்கும், மேலே மிஞ்சிய வெளியில் பளிங்கு வளரும். இங்கே சேறு மேலே, பளிங்கு கீழே. பெட்டி முழுவதும் தலைகீழ்! திருப்பி வைத்ததும் இரண்டு ஊர்க் கோடுகளும் பொருந்தின. துள்ளிக்கொண்டு ஓடிப்போய்த் தன் பேராசிரியர் ஜனார்த்தனன் சேரிடம் காட்டினாள்.

"துளை போட்ட ஐயாத்துரைதான். அந்தாள் தலை வால் தெரியாமல் அடுக்கிப்போட்டுது. அடுத்த நாயாற்றுத் துளைக்கு இனி அவர் வேண்டாம்," என்றார் சேர்.

முப்பது வருசமாக வன்னியெங்கும் குழாய்க்கிணறு அடிக்கிற மனிசனா தலை வால் தெரியாதவர்? ஈரக்கல்லில் பெயின்ற் ஒட்டாதென்று, ஒவ்வொரு உருளையிலும் ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தார். துளைபோட முதல் தேங்காய் உடைக்கிற ஆள், இதுவும் சாமிக் காரியம் என்று நினைத்தாள் சுகந்தினி. குங்குமம் காபன் கணக்கைக் கெடுத்துவிடும் என்று எல்லாவற்றையும் பைப்படியில் வைத்துத் தேய்த்துக் கழுவி, திரும்ப அடுக்கினாள்; ஏழாம் பெட்டியை மட்டும் மறுதலையிலிருந்து அடுக்கியதைக் கவனிக்கவில்லை. படித்த பிள்ளையின் துப்புரவு! பொட்டுகளெல்லாம் ஒரே பக்கத்தில் இருந்தது சேருக்கு முன்னால் நின்றபோதுதான் உறைத்தது.

வாய் திறக்கவில்லை. மேற்படிப்புக்குச் சேருடைய கடிதம் வேண்டும். வேறொன்றுமில்லை, பயம்.

வெள்ளிக்கிழமை காலை பொறுக்க முடியாமல் சேருடைய அறைக்குள் போனாள்.

"சேர், பெட்டி மாறினது என்னாலை. ஐயாத்துரை அண்ணை தலைப்பக்கம் பொட்டு வைச்சவர். நான்தான் கழுவிப்போட்டன்."

சேர் கண்ணாடியைக் கழற்றினார். "வேற ஆளுக்குப் புதன்கிழமையே சொல்லியாச்சு. மெசினும் நாயாற்றுக்குப் போயிட்டுது." பிறகு, ஏசாமல், "அவரிட்டை நீரே சொல்லும்," என்றார்.

விறாந்தையில் நின்று ஐயாத்துரைக்குப் போன் எடுத்தாள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள்.

"உங்களுக்கு எப்ப பிள்ளை தெரிஞ்சது?"

"திங்கட்கிழமை, அண்ணை."

இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"வயசு போயிட்டுது, என்ர கை பிழைச்சிட்டுதாக்கும் எண்டு நினைச்சன்," என்றார் ஐயாத்துரை. "செவ்வாய்க்கிழமை சேரிட்டை வந்து மன்னிப்புக் கேட்டிட்டுப் போனனான், பிள்ளை."