சாட்சியில் ஒரு திருத்தம்

தாசம்மாள் இறந்து மூன்று வருஷமாகிறது. இப்போதும் யாராவது பரிசோதனைக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, நெகட்டிவ்தான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னால் விஜயலக்ஷ்மி கொஞ்சம் தடுமாறித்தான் போவாள்.

1998 ஆனியில் இருவருக்கும் ஒரே வாரத்தில் மார்பில் புற்றுக்கட்டிக்கு ஆபரேஷன் நடந்தது. அடுத்தடுத்த கட்டில். விஜயலக்ஷ்மி சாலைக் கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்த நாஞ்சில்நாட்டுக் குடும்பத்தவள். தாசம்மாள் பாறசாலைக்கு அப்பால் ரப்பர் வெட்டும் ராஜையனின் மனைவி. வார்டே மலையாளம் பேச, தமிழில் குசுகுசுத்துக்கொண்ட இந்த இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டார்கள். கட்டியும் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு. அக்குளுக்குப் பரவவில்லை, ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டோம் என்றார் டாக்டர். வெட்டியெடுத்த சதையில் இன்னொரு பரிசோதனை பாக்கி இருந்தது. அந்த முடிவோடு வந்து பார்க்கும்படி இருவரையும் வீட்டுக்கு அனுப்பினார்.

விஜயலக்ஷ்மிக்கு வந்தது பாஸிட்டிவ். டாக்டரைப் பார்க்கும் முன்பே வராந்தாவில் நின்று அழுது தீர்த்தாள். உள்ளே போனபோது டாக்டர், இது நல்ல சேதியல்லவா, எதற்கு அழுகிறீர்கள் என்றார். அந்தக் கட்டியின் அணுக்களில் பெண் ஹார்மோன் வந்து உட்கார இடம் இருக்கிறதாம். அந்த இடத்தை ஒரு சின்ன மாத்திரையால் அடைத்துவிடலாம். ஐந்து வருஷம் தினம் ஒன்று.

நெகட்டிவ் என்று வந்தால் என்ன என்று அவள் கேட்டாள். அதற்கு அந்த மாத்திரை உதவாது என்றார். கட்டி சிறியதாக இருந்தாலும் முதல் சில வருஷங்களில் வேறு இடத்தில் தலைகாட்ட வாய்ப்பு அதிகம். எல்லாருக்கும் வராது, யாருக்கு வரும் என்று சொல்லவும் முடியாது. அதனால் ஊசி மருந்தைத் தள்ளிப்போடாமல் தொடங்கிவிட வேண்டும்.

முதல்நாள்தான் தாசம்மாளிடமிருந்து கார்டு வந்திருந்தது. முடிவு நெகட்டிவ், கர்த்தருக்கு ஸ்தோத்திரம், ஞாயிறு ஆராதனையில் எல்லார் முன்னும் எழுந்து சாட்சி சொல்லிவிட்டேன், இனி ஆஸ்பத்திரிக்கு வரவேண்டியதில்லை என்று எழுதியிருந்தாள். டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் அந்த வராந்தாவில் விஜயலக்ஷ்மிக்கு முதலில் வந்தது நிம்மதிதான்: நெகட்டிவ் நானில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பிறகு தம்பானூர் பஸ் நிலையத்துக்கு நடந்துபோய் பாறசாலை பஸ்ஸில் ஏறினாள்.

வீட்டுக்கு வந்தவளுக்குத் தாசம்மாள் அவித்த மரச்சீனிக் கிழங்கும் தேங்காய்த் துவையலும் கொண்டுவந்து வைத்தாள். முடிவு என்ன என்று விசாரித்தாள். பாஸிட்டிவ் என்று கேட்டதும் தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணீரு விட்டுக் கரையாதீங்கக்கா. நான் ஜெபிக்கேன். எனக்கு நெகட்டிவ் தந்தவரு ஒங்களுக்குத் தரமாட்டாரா?"

தனக்காக நிறைந்து நின்ற அந்தக் கண்களைப் பார்த்தபடி விஜயலக்ஷ்மி டாக்டர் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி முடிக்கும்போது மரச்சீனி ஆறிப்போயிருந்தது.

ராஜையன் எழுந்து உள்ளே போய், வேதப்புத்தகத்துக்குள் வைத்திருந்த காகிதத்தை எடுத்துவந்து அவளிடம் நீட்டினார். அதில் இரண்டு பெண் ஹார்மோன்களுக்கு நேரேயும் நெகட்டிவ் என்று இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அவருக்குக் காசம் கண்டு, சளியில் நெகட்டிவ் வந்த பிறகுதான் இனிப் பயமில்லை என்றார்களாம். அந்த நினைப்பில் டாக்டரிடம் காட்டாமல் நேரே சபைக்குக் கொண்டுபோனதாகத் தரையைப் பார்த்துச் சொன்னார்.

"சாட்சி சொல்லியாச்சே அக்கா," என்றாள் தாசம்மாள். "அம்புட்டு சனமும் ஆமென் சொல்லிச்சு. இனி ஊசி போட்டு, முடி கொட்டி, மொட்டத் தலையோட போய் நிண்ணா, கர்த்தரப் பொய்யராக்குனதுபோல ஆவாதா?"

விஜயலக்ஷ்மிக்கு வேதம் தெரியாது. சாமி விஷயத்தில் வாதம் செய்யவும் வராது.

"அவரு என்னட்டி பொய் சொன்னாரு? காயிதத்த நாமதான் தப்பா வாசிச்சோம். நானும் தப்பாத்தான் வாசிச்சேன், அழுதுட்டுல்லா வந்தேன்."

பஸ் ஏற்றிவிடத் தாசம்மாளும் கூட வந்தாள். விஜயலக்ஷ்மி ஏறும்போது, ஞாயிற்றுக்கிழமை சபைக்கு நீங்களும் வாருங்கள் என்றாள்.

விஜயலக்ஷ்மி போனாள். கடைசி வரிசையில், எப்போது எழ வேண்டும் எப்போது உட்கார வேண்டும் என்று தெரியாமல் பக்கத்துப் பெண்ணைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். சாட்சி நேரம் வந்ததும் தாசம்மாள் முன்னால் போய் நின்றாள்.

"போன வாரம் சொன்ன சாட்சியில ஒரு திருத்தம் உண்டு. நெகட்டிவ்னா எனக்கு நல்லதில்லயாம். நாளைக்கு ஊசிக்குப் போறேன். சொகம் கெடச்சா வந்து சொல்லுவேன். கெடைக்கலேண்ணாலும் வந்து சொல்லுவேன்."

இதற்கு ஆமென் சொல்வதா வேண்டாமா என்று யாருக்கும் விளங்கவில்லை. பாஸ்டர் கூடப் புத்தகத்தைப் புரட்டினார். ஆண்கள் பக்கத்திலிருந்து ராஜையன் தனியாக ஆமென் சொன்னார், கொஞ்சம் சத்தமாகவே.

மறுநாள் ஊசி அறை வாசலில் விஜயலக்ஷ்மி தாசம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தாசம்மாள் அவள் பக்கம் திரும்பினாள்.

"நீங்க பாஸிட்டிவ், நான் நெகட்டிவ். ரெண்டு பேரையும் ஒரு டார்ச்சில போட்டா எரிவோமாக்கும், இல்லியா?"

வரிசையிலிருந்த மலையாளத்துப் பெண்கள் என்ன என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் நர்ஸ் தாசம்மாளின் பெயரைக் கூப்பிட்டாள். ஆறு ஊசியையும் அவள் போட்டுக்கொண்டாள். அதற்குப் பின் நாலரை வருஷம் இருந்தாள். ஊசி இல்லாவிட்டால் எவ்வளவு இருந்திருப்பாள் என்பதை எந்தக் காகிதமும் சொல்லாது.