அம்மா பேச முடியாத நேரம்

அந்தத் தையல்காரிக்கு மகள் மேல் கொஞ்சம் கோபம், நிறைய வருத்தம். மகள் போன பள்ளி வேன் கவிழ்ந்து இரண்டு மாதம் ஆகிறது. எட்டு வயது வாயாடி அந்தக் கதையை ஊருக்கெல்லாம் தண்டோரா போட்டுவிட்டாள். அளவு கொடுக்க வந்தவர்கள், கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர், பல் டாக்டர் என்று எல்லாரும் கேட்டாயிற்று. வேன் எத்தனை குட்டிக்கரணம் போட்டது, கண்ணாடி எப்படித் தூளானது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாள். பெற்றவளிடம் மட்டும் மூச்சு விடவில்லை.

பெற்றவள் மட்டும் லேசுப்பட்டவளா? முதல் வாரமே வீட்டுக்குச் சட்டம் போட்டவள் அவள்தான். அந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது, பிள்ளை மறக்கட்டும். மகள் வாயெடுத்தாலே, அதெல்லாம் எதற்குடா தங்கம் என்று டிவியைப் போட்டுவிடுவாள். ஆனால் பிள்ளை தூக்கத்தில் காலை உதைத்துக்கொள்ளும்போது, உள்ளே என்னதான் வைத்திருக்கிறாளோ என்று எழுந்து உட்கார்ந்துகொள்வாள். கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, புதுச் சீருடைக்கு விளிம்பு மடிக்க மகளை ஸ்டூல் மேல் நிறுத்தினாள். குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, மண்டியிட்டு, ஒவ்வொன்றாக எடுத்துப் பாவாடையில் குத்தினாள். மகள் குனிந்து பார்த்தாள்.

"இப்ப உன்னால பேச முடியாதுல்ல?"

முடியாது என்று தாய் தலையை ஆட்டினாள்.

அதற்காகவே காத்திருந்தவள் போல மகள் ஆரம்பித்தாள். மற்றப் பிள்ளைகளை ஜன்னல் வழியாகத் தூக்கிவிட்டார்களாம். இவள் கால் மட்டும் முன்சீட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டதாம். பக்கத்தில் டிரைவர் மாமா. பயப்படாதே, இதோ வந்துவிடுவார்கள் என்று பேசிக்கொண்டே இருந்தாராம். அப்புறம் பேசவில்லையாம். இதை அவள் எந்த வாடிக்கையாளரிடமும் சொன்னதில்லை.

"நான் மெதுவாத்தான்மா கூப்பிட்டேன். தூங்குறாரோன்னு நினைச்சேன். சத்தமாக் கூப்பிட்டிருந்தா முழிச்சிருப்பாருல்ல?"

தாய் உடனே பதில் சொல்லப் பார்த்தாள். அவசரத்துக்கு ஊசியைத் துப்பவா முடியும்? உதட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து முடிக்கும்வரை மகள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முழிச்சிருக்க மாட்டார்டா. அவருக்கு உள்ளுக்குள்ள பலமா அடி. நீ எவ்வளவு கத்தியிருந்தாலும் அவரால எந்திரிச்சிருக்க முடியாது."

"நிஜமா?"

"ஆஸ்பத்திரி டாக்டரே சொன்னாரு. நான்தான் உன்கிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

மகளின் உதடு கோணியது. இரண்டு மாதத்தில் முதல்முறையாக அழுதாள். அழாதே என்று தாய் சொல்லவில்லை. பாதி மடித்த பாவாடையோடு அவளை இறக்கி மடியில் போட்டுக்கொண்டு, தானும் அழுதாள். அழுகை ஓய்ந்ததும் தாயே கேட்டாள்.

"மாமா வேற என்னல்லாம் பேசினாரு? சொல்லு, நான் கேக்குறேன்."