பத்தடி தூரம்

சித்தப்பா குளிர்பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். சின்னவள் அதை எடுத்து மறுபடி சொருகினாள். பெட்டி ஒருமுறை இருமிவிட்டு உறுமத் தொடங்கியது. உள்ளே அப்பா, சலவைச் சட்டையில், டியூட்டிக்குக் கிளம்பியவர் மாதிரி படுத்திருந்தார்.

மணி மூன்று நாற்பது. மின்மயானத்தில் நான்கு மணிக்கு நேரம் வாங்கியிருந்தார்கள். வாசலில் வண்டி தயாராக நின்றது.

சித்தப்பா ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். எந்தக் கணக்கையும் கிலோமீட்டரில் தொடங்கிக் கிலோமீட்டரிலேயே முடிப்பார். வெளிநாட்டில் இருக்கும் பெரியவளின் ஊர், இந்த ஊர் என இரண்டு விமான நிலையங்களையும் செல்போனில் தட்டிப் பார்த்துவிட்டார். பதிமூன்றாயிரம் கிலோமீட்டர், பதினாலரை மணி நேரம். அவள் நம் நேரப்படி நேற்று மாலை ஆறுக்கு ஏறியிருந்தால் இன்று காலை எட்டரைக்கு இறங்கியிருக்க வேண்டும். போனும் அணைந்து கிடக்கிறது. ஆகவே அவள் கிளம்பவே இல்லை என்பது அவர் தீர்ப்பு.

டிராவல்ஸ் ஆபீசில் டிக்கெட் போடுகிறவள் சின்னவள். காலையிலிருந்து மூன்று முறை சொல்லிவிட்டாள். செல்போன் காட்டுவது வானத்தில் நூல் பிடித்த கணக்கு. அந்த நூலில் ஒரு விமானமும் போவதில்லை. பத்து மணி நேரம் பறந்து, நடுவில் ஓர் ஊரில் ஆறரை மணி நேரம் உட்கார்ந்து, வேறு விமானம் ஏறி இன்னும் ஐந்தரை மணி நேரம். நான்குக்கு இறங்கினால் வீடு சேர ஐந்தரை. சித்தப்பாவுக்கு ஏறவில்லை. ஏறின வண்டியிலேயே இறங்கிப் பழகியவர்.

"பொம்பளப் பிள்ளைக்காக யாரும்மா இப்படிப் போட்டு வச்சிருக்கா?"

"பையனா இருந்தா வச்சிருப்பீங்கல்ல சித்தப்பா?"

அவர் வேறு ஆயுதம் எடுத்தார். "உங்கப்பன் யாருக்காவது அரை நிமிஷம் வண்டிய நிறுத்தியிருக்கானா? சொல்லு."

அது உண்மை. அப்பா முப்பது வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். அவர் விசில் அடித்தால்தான் வண்டி கிளம்பும், அடித்தபின் நிற்காது. முதல் வேலைக்குப் புறப்பட்ட அன்று பெரியவள் பஸ்ஸுக்குப் பத்தடி பின்னால் இருந்தாள். விசில் அடித்துவிட்டார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியவளைக் கண்டக்டர் கைபிடித்து உள்ளே இழுத்தார். அதன்பிறகு அவள் அப்பாவிடம் அளந்துதான் பேசினாள். அவரோ படுக்கையில் கிடந்த கடைசி மாதம் முழுக்க ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார். "பெரியவ வண்டி எத்தன மணிக்கு?"

சின்னவள் ஆணியில் தொங்கிய விசிலை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"இன்னிக்கு டைம் கீப்பர் நான். நான் அடிக்காம இந்த வண்டி நகராது."

மயானத்துக்குப் போன் போட்டாள். கடைசி நேரம் ஆறே கால், அதற்குமேல் நாளைக்குத்தான் என்றார்கள். அதையே வாங்கினாள். பிறகு நாற்காலியை நடுவாசலில் போட்டு உட்கார்ந்தாள். சித்தப்பா தெருவுக்குப் போய் வண்டி டிரைவரிடம் அவளைப் பற்றி ஏதோ சொன்னார். அவள் திரும்பவில்லை.

ஐந்தரை ஆனது. ஐந்து முப்பத்தெட்டும் ஆனது. சித்தப்பா தன் வாட்சைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

ஐந்து நாற்பத்திரண்டுக்கு டாக்சி வந்து நின்றது. கசங்கிய கோட்டும் தோள்பையுமாகப் பெரியவள் இறங்கினாள்.

"எடுத்துடலாமாம்மா?" சித்தப்பா இந்த முறை கேட்டார்.

"இருங்க சித்தப்பா. நேரமிருக்கு."

சின்னவள் நாற்காலியை ஓரமாக நகர்த்தினாள். வாசலிலிருந்து பெட்டிவரை பத்தடி இருக்கும். பெரியவள் மெதுவாகவே நடந்தாள்.