ஓட்டுக்கு அடியில் ஒரு புல்

எங்க ஊர் ரோமர் மரபு நண்பர்கள் சங்கத்துல மொத்தம் பதினேழு பேரு. மண்ணைத் தோண்டி வேலை செய்யறது அஞ்சு பேரு, மீதி எல்லாம் கமிட்டி. சம்பளம் ஒரு பென்னி கிடையாது, சண்டைக்கு மட்டும் குறைச்சலே இல்ல.

என் புருஷன் வில்ஃப் அந்த அஞ்சுல ஒருத்தர். முப்பது வருஷம் தபால் பையைத் தூக்கிட்டு ஊரைச் சுத்தினவரு. ரிடையர் ஆனதுல இருந்து அவருக்கு ஒரே பேச்சுதான். பந்துருட்டுற கிளப்போட புல்தரைக்கு அடியில ரோமச் சிப்பாய்ங்க குளிச்ச வீடு இருக்கு. கோடை வந்தா அங்க புல்லு ரெண்டு நேர்கோடாக் காயும். அடியில சுவர் இல்லாம அப்படி எப்படிக் காயும்னு கேப்பாரு. "பழைய சாக்கடைக் குழாயா இருக்கும் வில்ஃப்"னு ஆப்ரி துவைட் சிரிப்பாரு. ஆப்ரி எங்க தலைவரு, பேங்க் மேனேஜரா இருந்தவரு. கடன் கேட்டு வந்தவனைப் பாக்குற மாதிரியே எல்லாரையும் இன்னும் பாக்குறாரு.

இருபது வருஷம் கெஞ்சினப்புறம் இந்த மே மாசம் கிளப்புக்காரங்க மனசு இறங்கினாங்க. ரெண்டு வாரம், ரெண்டு குழி, அதுக்கு மேல ஒரு நாள்கூடக் கிடையாது. ஆனா அதுக்குள்ள வில்ஃபுக்கு ஈரல்ல புத்துநோய் முத்திப்போச்சு. முன்ரூம்ல கட்டிலைப் போட்டுப் படுக்க வச்சிருந்தோம். டாக்டர் வாரக் கணக்குல பேச ஆரம்பிச்சிட்டாரு. அந்த மனுஷனுக்கு வேண்டியிருந்தது ஒண்ணே ஒண்ணுதான். கண்ணை மூடுறதுக்கு முன்னாடி அந்தக் குழியில இருந்து ஒரு சாட்சி.

குழியில எது தெரிஞ்சாலும் கை வைக்கக் கூடாது. கூப்பிடணும். போட்டோ எடுத்து, ஆழம் அளந்து, எழுதி வச்சப்புறம்தான் தூக்கணும். மண்ணுல எங்க கிடந்துச்சுன்னு தெரியாத பொருள் எதுக்கும் சாட்சி சொல்லாது. இதை எங்க எல்லாருக்கும் கத்துக் குடுத்ததே வில்ஃப்தான். ஒரு தடவை பாதிரியாரோட சம்சாரத்தையே, "ஏம்மா, இது என்ன உருளைக்கிழங்கா, புடுங்கி எடுக்க?"ன்னு கேட்டுட்டாரு. அந்தம்மா ஒரு மாசம் பேசல.

பதினோரு நாள் தோண்டினோம். உடைஞ்ச புகையிலைக் குழாய், சோடா பாட்டில், ஏதோ நாயோட எலும்பு. தினம் காலையில ஆப்ரி குழி ஓரமா வந்து நின்னு, "என்ன நோரீன், வெந்நி ரெடியா? துண்டு எடுத்துட்டு வரட்டுமா?"ன்னு கேப்பாரு. எனக்கு அப்படியே மம்பட்டியைத் தூக்கி எறியலாம் போல வரும்.

பன்னெண்டாம் நாள் பத்தரைக்கு எல்லாரும் டீ குடிக்கப் போனாங்க. நான் மட்டும் குழியில முட்டி போட்டுச் சுரண்டிட்டு இருந்தேன். செவப்பா ஒரு விளிம்பு தெரிஞ்சுது. பிரஷ்ஷால தட்டினா, பாதிக் கூரை ஓடு. அது மேல முத்திரை! ரோமப் படையோட எழுத்து, நாலு எழுத்து முழுசா இருக்கு.

வாயைத் திறந்து கூப்பிட்டிருந்தா போதும். ஆனா மணி பத்தே முக்கால். பதினொண்ணுக்கு நர்ஸ் வந்து ஊசி போட்டா வில்ஃப் அதோட தூங்கிடுவாரு, முழிப்பாரான்னே தினம் சந்தேகம். வீடு ரெண்டு தெரு தள்ளிதான். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். ஓட்டைப் பேத்து எடுத்து, புல்லு மேல வச்சிருந்த கம்பளிக் கார்டிகன்ல சுத்திக்கிட்டு ஓடினேன்.

கையில குடுத்தேன். போர்வை முனையால மண்ணைத் தொடச்சிட்டு எழுத்து மேல கட்டை விரலை ஓட்டினாரு. சிரிச்சாரு. கிறிஸ்மஸுக்கு அப்புறம் அந்தச் சிரிப்பை நான் பாத்ததே இல்ல.

"போட்டோ நல்லா விழுந்துச்சா? ஆழம் எவ்வளவு?"

நான் கார்டிகனை மடிச்சு மடியில வச்சுக்கிட்டேன்.

"நோரீன். யாரு தூக்கினது?"

"நான்தான். நீ பாக்கணும்னுதான், வில்ஃப்..."

"அடிப் பைத்தியக்காரி. என் குளியல் வீட்டையே கார்டிகன்ல சுத்தி எடுத்துட்டு வந்துட்டியே."

"திரும்ப வச்சிடறேன். ஒருத்தரும் பாக்கல."

"வைக்காதே! இமோஜென்கிட்ட நடந்ததை நடந்தபடி சொல்லு. இடம் தெரியாதுன்னு எழுதுவா. எழுதட்டும். பொய் மட்டும் வேணாம்."

இமோஜென்தான் நாங்க கூலிக்கு வச்ச தொல்லியல்காரப் பொண்ணு. சரின்னு தலையை ஆட்டினேன். அதுக்குள்ள நர்ஸ் வந்துட்டா.

திரும்பி வந்தப்ப எல்லாரும் அடுத்த குழியில இருந்தாங்க. சொல்லத்தான் போனேன். ஆப்ரியோட முதுகைப் பாத்ததும் சொல்ல வரல. ஓட்டை அதே பள்ளத்துல அமுக்கி, சுத்தி மண்ணைத் தட்டிவிட்டு, "இங்க வாங்க!"ன்னு கத்தினேன்.

ஓடி வந்தாங்க. கட்டிப் பிடிச்சாங்க. ஆப்ரி கையில பிஸ்கட்டோட வாயைப் பொளந்துட்டு நின்னாரு. அந்த ஒரு நிமிஷம் சொர்க்கம், மறைக்க மாட்டேன்.

இமோஜென் போட்டோ எடுத்தா, அளந்தா, மெதுவா ஓட்டைத் தூக்கினா. அடிப்பக்கம் காஞ்சு சுத்தமா இருந்துச்சு. ஓடு கிடந்த இடத்துல ஒரு புல். அன்னிக்குக் காலையில மெஷின் வெட்டின பச்சைப் புல், கார்டிகன்ல ஒட்டிட்டு வந்தது. அவ அதையே பாத்துட்டு இருந்தா. அப்புறம் மெதுவா, "இது இங்க கிடந்ததில்ல. யாரோ வச்சிருக்காங்க"ன்னா.

நான் குனிஞ்சு முட்டியில ஒட்டின மண்ணைத் தட்டினேன். இனிமே, நிஜமாவே இங்கதான் கிடந்துச்சுன்னு உண்மையைச் சொன்னாலும் அது ரெண்டாவது பொய்யாத்தான் கேக்கும்.

சாயந்தரம் ஆப்ரியும் இமோஜெனும் வீட்டுக்கு வந்தாங்க. வில்ஃப் முழிச்சிருந்தாரு.

"வில்ஃப், கேக்கவே சங்கடமா இருக்கு"ன்னு ஆரம்பிச்சாரு ஆப்ரி. முகத்துல சங்கடத்தைக் காணோம். விஷயத்தைச் சொல்லிட்டு என் பக்கம் திரும்பினாரு.

வில்ஃப் என்னை ஒரு தடவை பாத்தாரு. நாப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தினவங்களுக்கு அது போதும்.

"அவளை ஏன் பாக்குறீங்க? அந்த ஓடு பத்து வருஷமா என் ஷெட்டுல கிடந்துச்சு. நான்தான் வைக்கச் சொன்னேன். புருஷன் சாகக் கிடக்கறான்னு பாவம், மறுக்க முடியாம செஞ்சுட்டா."

"அப்ப நீ இத்தனை வருஷமா எடுத்துக் குடுத்ததெல்லாம்?"னு கேட்டாரு ஆப்ரி.

மியூசியத்துல அவரு பேரு போட்ட நாப்பது பெட்டி இருக்கு. வில்ஃப் உதட்டை நனைச்சுக்கிட்டாரு. "அதை நீங்களே முடிவு பண்ணிக்கோங்க."

அவங்க போனதும் நான் கட்டில் காலடியில விழுந்து அழுதேன். "ஏன்யா இப்படிச் சொன்ன? நான் போய் எல்லாத்தையும் சொல்லிடறேன்."

"சொல்லாதே. நான் போயிடுவேன், எனக்கென்ன. உனக்கு அந்தச் சங்கத்துச் சனிக்கிழமைக் கூட்டத்தை விட்டா வேற யாருடி இருக்கா?"

ஒன்பது நாள் கழிச்சுப் போயிட்டாரு. குழியை மண்ணு போட்டு மூடி, புதுப் புல் பதிச்சாச்சு. ஓட்டைக் கணக்குல சேக்கல. நாப்பது பெட்டியிலயும் அவரு பேரைக் கிழிச்சிட்டு, "சந்தேகத்துக்குரியது"ன்னு சீட்டு ஒட்டினாங்க. அந்தச் சீட்டை எழுதறதுக்கு ஆள் பத்தலன்னு என்கிட்டயும் பத்து பெட்டி குடுத்தாங்க. எழுதினேன்.

எல்லாரும் என்கிட்ட ரொம்ப அன்பா நடந்துக்கறாங்க. போன சனிக்கிழமை டீ ஊத்திட்டு இருந்தப்ப ஆப்ரி தோளைத் தட்டினாரு. "உன் மேல யாருக்கும் வருத்தம் இல்ல, நோரீன். சாகுற நேரத்துல அந்த மனுஷன் உன்னை இப்படி மாட்டி விட்டிருக்க வேணாம், இல்ல?"

பால் ஜாடியை எடுத்துக் குடுத்துட்டு, "ஆமா"ன்னேன்.