நடந்தாய், நடப்பாய்

சபாபதி காலமாகிவிட்டார் என்ற செய்தி பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில் பரவியபோது, அவர் அதே மண்டபத்தின் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து, காகிதப் பொட்டலத்திலிருந்து கச்சாங் பூத்தே கடலை எடுத்துக் கொறித்துக்கொண்டிருந்தார். செய்தியைப் பரப்பியவள் வேறு யாருமல்ல. அவருடைய ஒரே மகள் சந்திரகலா. ஐந்து நிமிடப் பாட்டு ஒன்றுதான் அதற்குத் தேவைப்பட்டது.

பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்களின் ஆண்டு விழா அது. சந்திரகலா எழுதிய பாட்டை அவளுடைய தோழி மார்க்கிரட் பாட, வகுப்புத் தோழன் வாசு வீடியோ எடுத்திருந்தான். வாசுவின் மாமா கிள்ளானில் கல்யாண வீடியோக் கடை வைத்திருந்தார். அந்தக் கடையின் இயந்திரத்துக்கு மணமக்களை இதய வடிவத்துக்குள் அடைக்கவும், ரோஜா இதழ்களாகச் சிதறடிக்கவும், குரலை எதிரொலிக்கச் செய்யவும் தெரியும். தெரிந்த வித்தையை இயந்திரம் சும்மா விடுவதில்லை, வாசுவும் அப்படித்தான்.

பாட்டு சபாபதியைப் பற்றியது. அவர் ரயில்வேயில் தண்டவாளம் பார்ப்பவர். கருக்கலில் எழுந்து, நீண்ட சுத்தியலைத் தோளில் சாய்த்துக்கொண்டு, கிள்ளானைச் சுற்றியுள்ள இருப்புப் பாதையில் மரையாணிகளைத் தட்டிப் பார்த்தபடி நடப்பது அவர் வேலை. அந்த நடையில்தான் சந்திரகலா பல்கலைக்கழகம் வரை வந்து சேர்ந்தாள். அடுத்த மாதம் அவருக்கு ஓய்வு. அதற்குள் அவரிடம் நன்றி என்று ஒரு சொல் சொல்லிவிட வேண்டுமென்று அவள் நினைத்தாள். ஆனால் அந்த வீட்டில் சோறு போடும் வழக்கம் உண்டே தவிர, நன்றி சொல்லும் வழக்கம் கிடையாது. ஆகவே பாட்டாக எழுதினாள்.

விடியுமுன் நடந்தாய், எங்களைச் சுமந்தாய், இருந்ததைக் கொடுத்தாய் எந்தையே.

எதுகையும் ஓசையும் பிசகவில்லை. கடைசிக் காட்சியில் சபாபதி திரும்பிக் கேமராவைப் பார்ப்பார். அந்த முகத்தை அப்படியே நிறுத்தி, வண்ணத்தை உறிஞ்சிக் கறுப்பு வெள்ளையாக்கி, முட்டை வடிவச் சட்டமிட்டு, வெண்மையில் கரைத்திருந்தான் வாசு. மண்டபத்தில் பல பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சந்திரகலா மேடையோரம் நின்று அதைப் பார்த்து மகிழ்ந்தாள்.

அந்த மகிழ்ச்சி விளக்குப் போடும்வரை இருந்தது. பட்டுப் புடைவை உடுத்திய ஓர் அம்மையார் நேராக வந்து, சந்திரகலாவின் தாய் இராஜம்மாவின் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். பெயர் புஷ்பவல்லி, மண்டபத்துக்கு அடுத்த தெருக்காரர்.

“எப்பம்மா ஆச்சு?”

“என்னா ஆச்சு?”

“அவரு தவறினது.”

இராஜம்மா சுற்றுமுற்றும் பார்த்தார். “தவறலியே. டாய்லெட்டுக்குப் போனாரு. வந்துருவாரு.”

புஷ்பவல்லி கையை விடவில்லை. துயரம் இந்தப் பெண்ணின் அறிவைத் தொட்டுவிட்டது என்று அவர் முடிவு செய்தது முகத்தில் தெரிந்தது. “பொட்டும் பூவுமா இருக்கீங்க பாருங்க, அதாம்மா சரி. இந்தக் காலத்துல யாரு என்ன சொல்லிற முடியும்? தைரியமா இருங்க.”

அப்போது சபாபதி கைக்குட்டையில் கையைத் துடைத்தபடி வந்து மனைவியின் பக்கத்தில் நின்றார். புஷ்பவல்லி ஓரடி பின்வாங்கினார்.

“வணக்கம்மா,” என்றார் சபாபதி. “பாட்டுல பாத்திருப்பீங்க.”

புஷ்பவல்லி அடைந்த வெட்கத்துக்கு அளவில்லை. மன்னிப்புக் கேட்டு, வீட்டு எண்ணைச் சொல்லி, கட்டாயம் ஒருநாள் டீ குடிக்க வர வேண்டுமென்று, அதற்குள் அங்கே வந்துவிட்ட சந்திரகலாவின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால், சட்டைப் பையில் இரண்டு பேனா செருகிய பெரியவர் ஒருவர் காத்திருந்தார்.

“அம்மா பாட்டுதானேம்மா இது? அம்மாவக் கடைசி வரைக்கும் காட்டவே இல்லையே. தாய், தாய், தாய்னு பாடுறாங்க. ஆனா ஒரு ஆளு சுத்தியலத் தூக்கிக்கிட்டு நடக்குறாரு.”

“அது தாய் இல்ல அங்கிள். நடந்தாய். எக்கோவுல கடைசி ரெண்டு எழுத்து மட்டும் திரும்பக் கேட்டிருக்கு. எந்தையேன்னு தெளிவா வருதே?”

“எந்தையேன்னா?”

“என் தந்தையே.”

“அப்ப அப்படியே எழுதியிருக்கலாம்லா,” என்று சொல்லிவிட்டுப் பெரியவர் படியிறங்கினார்.

கிள்ளானுக்குத் திரும்பும் வேனில் இராஜம்மாதான் பேசினார். “உசுரோட இருக்கிற எனக்கு ஒரு பாட்டு இல்ல. இவருக்குப் பாட்டு. அதுலயும் கொன்னாச்சு. நாளைக்கே கோயில்ல ஒரு அர்ச்சனை வைக்கணும்.”

“செத்துட்டதா ஊரு சொன்னா ஆயுசு கூடும்,” என்றார் சபாபதி. “இன்னிக்கு மட்டும் எனக்கு ஒரு இருபது வருசம் கூடியிருக்கும். நீதான் பாவம்.”

சந்திரகலா சிரிக்கவில்லை. “அவங்களுக்குப் புரியலன்னா நான் என்ன செய்யறது? ‘ஆய்’ங்கிறது முன்னிலை ஒருமை விகுதி. அதுக்கு முன்னால இருக்கிற ‘த்’ இறந்தகால இடைநிலை. இதுல தாய் எங்க வந்தா?”

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த வாசு கண்ணாடியில் அவளைப் பார்த்தான். “இத நீ கீழே எழுத்துல ஓட விட்டிருக்கணும்லா. எல்லாருக்கும் புரிஞ்சிருக்கும்.”

சனிக்கிழமை சபாபதி பின்கட்டில் உட்கார்ந்து காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். ரயில்வே குடியிருப்பைக் காலி செய்து, மேருவில் வாங்கியிருந்த சிறு வீட்டுக்குப் போக வேண்டும்; பாதி சாமான் பெட்டிகளில் இருந்தது. ஓய்வு பெறும் நாளில் கிள்ளானில் கூட்டாளிகள் ஒரு விருந்து வைக்க இருந்தார்கள். அதில் பாட்டைப் போடுவதாக முன்பே ஏற்பாடு.

“கலா,” என்றார், காலணியிலிருந்து கண்ணை எடுக்காமல். “அந்தப் பாட்ட அன்னிக்குப் போட வேணாம்மா.”

“சகுனம் பாக்குறீங்களாப்பா?”

“சகுனம் உங்கம்மா டிப்பார்ட்மெண்டு.” பிரஷ் சிறிது நேரம் ஓடியது. “பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு. நடந்தாய், சுமந்தாய், கொடுத்தாய்... சரிதான். எல்லாம் முடிஞ்சிருச்சு. அடுத்த மாசத்துலேருந்து காலையில எந்திரிச்சு எங்க போறதுன்னு நானே யோசிச்சுக்கிட்டு இருக்கேன். அந்தம்மா வந்து எப்ப ஆச்சுன்னு கேட்டப்ப, ஒரு நிமிசம், சரியாத்தான் கேக்குறாங்கன்னு தோணிச்சு.”

பிறகு அவர் காலணியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பேச்சு அதோடு முடிந்தது.

மண்டபத்தில் இருந்தவர்கள் தவறாகப் படித்தார்கள் என்று சந்திரகலா இதுவரை எண்ணியிருந்தாள். தவறாக எழுதப்பட்டதைச் சரியாகப் படித்திருக்கிறார்கள் என்பது இப்போது புரிந்தது. ஆனால் தவறு எந்த இடத்தில் இருக்கிறது? அது தெரியாமல் திருத்துவது அவளுடைய இயல்புக்கு ஒவ்வாதது. திங்கட்கிழமை மாலை, வகுப்பு முடிந்ததும், பிரிக்பீல்ட்ஸில் இறங்கிப் புஷ்பவல்லியின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

“ஆன்டி, கோவிச்சுக்காதீங்க. எங்கப்பா எந்த இடத்துல செத்தாருன்னு மட்டும் சொல்லுங்க.”

புஷ்பவல்லி முதலில் திகைத்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். டீ கலக்கப் போனார். “போட்டா நின்னு வெள்ளையா போச்சு பாரு, அதுல முடிவு பண்ணிட்டேன்,” என்று சமையலறையிலிருந்தே சொன்னார். “ஆனா மொத வரியிலயே மனசுக்குத் தோணிருச்சும்மா. ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல.”

கூடத்தில், சன்னலோரச் சக்கர நாற்காலியில் அவர் கணவர் நாகையா அமர்ந்திருந்தார். பக்கவாதம் வந்து இரண்டாண்டு ஆகியிருந்தது. தண்டவாளத்தில் நடப்பவரின் மகள் என்று அறிந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

“இவரும் நடப்பாரு,” என்றார் புஷ்பவல்லி, டீயை வைத்தபடி. “அப்படி நடப்பாரு! காலையில லேக் கார்டன் வரைக்கும் போவாரு. திரும்பி வரப்ப பாசார்ல மீன் வாங்கிட்டு வருவாரு.”

“ஆறு மைலு,” என்றார் நாகையா, சொற்களை மெல்லக் கோத்து.

“நாலுதான். பொய் சொல்லுவாரு.”

நாகையா ஒரு பக்க உதட்டால் சிரித்தார். சந்திரகலா கோப்பையை வாய்வரை கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். நடப்பாரு, போவாரு, வருவாரு. இரண்டாண்டாக அந்த நாற்காலியைவிட்டு எழாத மனிதர். ஆனால் மனைவியின் வாயில் அவர் ஒருமுறைகூட ‘நடந்தாரு’ ஆகவில்லை. இலக்கணத்தில் அது எதிர்காலம். பேச்சிலோ, அன்று வழக்கமாய் இருந்ததையும் அது சொல்லும்; இனி நிகழக்கூடியதையும் மறுக்காது. இத்தனை நாள் அவளே தன் வாயால் சொல்லிவந்த காலம்தான். தேர்வில் எழுதியும் இருக்கிறாள்.

பேருந்துக்குக் காத்திருக்கையில் விரல்விட்டு அசை பிரித்தாள். ‘நடக்கிறாய்’ மெட்டுக்கு நீளம்; தவிரவும், அடுத்த மாதம் அது பொய்யாகிவிடும். நடந்தாய், நடப்பாய், சுமந்தாய், சுமப்பாய், கொடுத்தாய், கொடுப்பாய். ஒவ்வோர் இணையும் ஒரே அளவு. மெட்டில் ஓர் இழையைக்கூட அவிழ்க்க வேண்டியதில்லை. ‘இருந்ததை’ என்பதும் ‘இருப்பதை’ ஆனது. ‘எந்தையே’ மட்டும் அவளை வருத்தியது, அருமையான சொல். அதையும் விட்டுக்கொடுத்து ‘அப்பாவே’ என்று மாற்றினாள்.

மார்க்கிரட் மறுபடி பாடினாள். வாசு வழக்கம்போல் எதிரொலியைச் சேர்த்தான். மூவரும் கேட்டார்கள்.

“நடப்பாய்... பாய்... பாய்,” என்றது ஒலிபெருக்கி.

“மாமாக் டீக்கடை பாய்க்குப் பாட்டு எழுதியிருக்கோம்,” என்றாள் மார்க்கிரட். “ரெண்டு தே தாரேக் ஆர்டர் சொல்லிறலாம்.”

வாசு மறுபேச்சில்லாமல் எதிரொலிப் பொத்தானை அணைத்தான். அவனைப் பொறுத்தவரை அது பெரிய தியாகம்.

கடைசிக் காட்சியைப் புதிதாய் எடுக்க வேண்டியிருந்தது. இம்முறை எடுப்பதற்கு முன்பே பார்வையாளரைக் கலந்துகொள்வது என்று சந்திரகலா தீர்மானித்தாள். பார்வையாளர் இராஜம்மா.

“அங்கிள் முதுகக் காட்டிக்கிட்டு தூரமா போறாரு, ஆன்டி. சின்னதாகிக்கிட்டே போயி...” என்று ஆரம்பித்தான் வாசு.

“போகக் கூடாது.”

“சரி, நின்ன இடத்துலயே வானத்தப் பாக்குறாரு...”

“வானத்த எதுக்குப்பா பாக்கணும்? அங்க யாரு இருக்கா?” இராஜம்மா முறத்திலிருந்து தலை நிமிர்த்தினார். “கிட்ட வரச் சொல்லு. மனுசன் வேல முடிஞ்சா வீட்டுக்குத்தான வருவாரு.”

அப்படியே எடுத்தார்கள். மின்சார ரயிலுக்காகப் புதுக் கம்பங்கள் நடப்பட்டிருந்த பாதையோரம், காலை வெயிலில், சுத்தியலோடு சபாபதி கேமராவை நோக்கி வந்தார். எங்கே நிற்க வேண்டுமென்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஆகவே அவர் நிற்கவில்லை. முகம் திரை முழுவதும் நிறைந்து, மங்கி, ஒரு காதும் நரைத்த கிருதாவும் மட்டும் தெரிந்தபோது, “போதுமாம்மா? நீ இன்னும் சாப்புடல,” என்றார். வாசு அதை வெட்டக் கை வைத்தான். சந்திரகலா அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போட வேண்டாமென்று சொன்னவரிடம் அவள் மறுபடி கேட்டாள். “திருத்தியிருக்கேம்பா. ஒரு தடவ பாருங்க. புடிக்கலன்னா டேப்ப உங்க கையிலயே தந்துர்றேன்.” சபாபதி சாமான் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து பார்த்தார். பாட்டு முடிந்ததும் பக்கத்துப் பெட்டியின் கயிற்றை இறுக்கிக் கட்டினார்.

“நடப்பாய்ங்கிற,” என்றார் கடைசியில்.

“ஆமாப்பா.”

“எங்கன்னு எழுதல.”

“அது உங்க இஷ்டம்.”

“ம்,” என்றார். “போடு.”

விருந்து நாளில் கூட்டாளிகள் யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. சபாபதியின் காது திரையில் பெரிதானபோது ஒருவர் விசிலடித்தார். “சாப்புடல” என்ற சொல்லுக்கு மண்டபமே சிரித்தது. பின்வரிசையில் ஒருவர், “அண்ணே, நடங்கண்ணே! நாங்க படுத்துக்குறோம்!” என்று கத்தினார். சபாபதி தலையைக் குனிந்துகொண்டு கோழிக்கறியைப் பிசைந்தார். அவர் தோள் குலுங்குவதைச் சந்திரகலா தொலைவிலிருந்து பார்த்தாள். சிரிப்பா, மற்றதா என்று அவளுக்குப் பிரித்தறியத் தெரியவில்லை. முதல் தடவையாக, தெரியாமலிருப்பது அவளை உறுத்தவில்லை.

அடுத்த வாரம் மேரு வீட்டில், விடிந்தும் விடியாத வேளையில், கதவுத் தாழ் திறக்கும் ஓசை கேட்டு அவள் எழுந்து வந்தாள். சபாபதி வாசற்படியில் உட்கார்ந்து, பாலிஷ் போட்ட காலணியின் கயிற்றை முடிந்துகொண்டிருந்தார்.

“எங்கப்பா? இங்கதான் தண்டவாளமே இல்லையே.”

“ரோடு இருக்குல்ல?” அவர் எழுந்து நின்று காலை ஒருமுறை உதறிக்கொண்டார். “நீ பாட்டுக்கு எழுதிப்புட்ட. நடக்காம உக்காந்திருந்தா, படிச்ச புள்ள பொய் எழுதிருச்சுன்னு ஆயிரும்.”

வெளியே இறங்கினார். தொழிற்சாலை லோரிகள் போகும் சாலையின் ஓரமாக, பழக்கத்தில் ஓரடி முன்னால் தரையைப் பார்த்தபடியே போனார். உள்ளேயிருந்து இராஜம்மாவின் குரல் அவரைத் துரத்தியது: “வரும்போது ரொட்டி வாங்கிட்டு வாங்க!”

அவர் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் உயர்த்தினார்.

“காதுல விழுந்துச்சா அவருக்கு?” என்று இராஜம்மா கேட்டார்.

“விழுந்துச்சும்மா,” என்றாள் சந்திரகலா. “வாங்கிட்டு வருவாரு.”